ஆமா போட ஆளில்லாத ஊர்

டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரத்துக்கு வந்து சேர்ந்த முதல் வாரம். அப்போது என்னிடம் வண்டி இல்லை. கூட வேலை பார்க்கும் ஒரு பெரியவர் காலையில் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வண்டியில் ஒரு பாட்டு ஓடியது. வாத்தியம் எதுவும் இல்லை. ஒரு கிழவர் தனியாகத் தொண்டையை உச்சிக்கு ஏற்றி, ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் இழுத்து உடைத்துப் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம் அது. வாசலில் பந்தல் போட்டு, பெஞ்சு இழுத்துப் போட்டிருக்கும் வீட்டுக்குள்ளிருந்து வருகிற சத்தம். பெரியவர் முகத்தைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று, "உங்கள் வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருமுறை கோட்டைத் தாண்டிவிட்டு வந்தது. "தம்பி, இது நான் காலையில் உற்சாகத்துக்காகக் கேட்பது" என்றார். மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கு யார் பாட்டுப் போட்டாலும் என்னைப் பார்த்து, "பயப்படாதே, எல்லாரும் நலம்" என்பார்கள்.

எட்டு வருடம் ஆகிவிட்டது. செட்டிலாகிவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். குப்பை வண்டி எந்தக் கிழமை வரும், பனி விழும் என்று சொன்ன மறுநிமிஷம் ஊரே பாலும் ரொட்டியும் வாங்க ஏன் ஓடும், அமெரிக்கக் கால்பந்து சீசனில் சனிக்கிழமைகளில் ஏன் உள்ளூர் அணியின் ஆரஞ்சுச் சட்டை இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூடாது, எல்லாம் தெரியும். ஆனால் எங்கேயாவது ஒரு மேடையில் எவனாவது மைக்கைத் தட்டி "செக், செக்" என்று சொல்லிவிட்டால் போதும். நான் திருநெல்வேலிச் சீமையில் எங்கள் வள்ளியூர்ப் பக்கம் போய்விடுவேன்.

அப்பா மைக் செட் வைத்திருந்தார். கோவில் கொடைத் திருவிழா, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம், எதுவானாலும் எங்கள் ஒலிபெருக்கிக் குழாய்தான் கட்டுவார்கள். வேப்பமரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவது என் வேலை. கொடை என்றால் விடிய விடிய வில்லுப்பாட்டு. வில்லில் கட்டிய மணி ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம், உடுக்கு ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்களிடம் இருந்தது இரண்டே மைக். முன்னின்று கதை பாடும் அண்ணாவி ஒரு அடி பாடி நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" என்பார்கள். சுடலைமாடன் கதை பாதியில் இருக்கும்போதே ஆம்ப்ளிஃபையரின் சூட்டில் சாய்ந்து நான் தூங்கிவிடுவேன். தூக்கத்திலும் அந்த "ஆமா" மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. சென்னையில் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்த அன்றே, "நான் சொல்லுதேன்" என்று வாயைத் திறந்ததும் அறையே சிரித்தது. "வாரேன்", "பாக்கேன்", "வந்தாவ", "போனாவ" ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு. ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டேன். எந்த ஊர் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரு தமிழ் வந்துவிட்டது. அமெரிக்கா வந்ததும் அடுத்த சுற்று. போனில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லியும் எதிர்முனை மூன்று முறை "மன்னிக்கவும்?" என்று கேட்கும். தண்ணீர் கேட்பதற்குக்கூட "வாடர்" என்று நாக்கை மடக்கப் பழகினேன். ஒரே ஆயுசில் இரண்டு தடவை நாக்கைச் சலவைக்குப் போட்டவன் நான்.

இந்த விஷயத்தில் எனக்குத் துணை கிடைத்தது பிக்கப் பெரியவரிடம்தான். மலைப்பக்கத்துக்காரர். ஆபீஸ் கூட்டங்களில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுவார். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வேறு ஆள். வடக்கே படிக்கப் போன காலத்தில் வாயைத் திறந்தாலே "மலைக்காட்டான்" என்று கிண்டல் செய்தார்களாம். அவரும் ஆறே மாதத்தில் மாற்றிக்கொண்டாராம். அதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்தேன்.

அவர் ஊர்ப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் ஒருவரைச் சொன்னாலும் ஒன்பது பேரைச் சொன்னாலும் ஒரே "யூ"தான். இவர்கள் "யால்" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அப்படியே நம்முடைய "நீங்க எல்லாரும்". பெரியவர்களிடம் பேசினால் வாக்கியத்துக்கு வாக்கியம் "சார்", "மேம்" போட்டாக வேண்டும். போடாத பிள்ளையை அம்மாக்காரி முறைப்பாள். அந்த முறைப்பு எனக்குத் தெரியும்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊரின் நடுவே கே வீதி என்று ஒன்று இருக்கிறது. 1952 டிசம்பர் 31 அன்று, கன்ட்ரி என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் பெரிய பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் கடைசியாக அறை எடுத்த ஓட்டல் அந்த வீதியில்தான் இருந்தது. அதே வீதியில் சுற்றுலாத் தகவல் மையம். அங்கே டபிள்யூ.டி.வி.எக்ஸ் என்ற உள்ளூர் வானொலி, மதியம் 12 மணிக்கு இலவசக் கச்சேரி நடத்தி நேரடியாக ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. 1997இல் ஒரு குட்டி கேம்பர் வண்டிக்குள் தொடங்கிய வானொலி. நிகழ்ச்சிக்குப் பெயர் 'ப்ளூ பிளேட் ஸ்பெஷல்'. பழைய ஓட்டல்களில் குறைந்த விலையில் போடும் அன்றைய சாப்பாட்டுக்கு அதுதான் பெயராம். நம்ம ஊர்க் கணக்கில் 'அளவுச் சாப்பாடு'. கச்சேரிக்கு அளவுச் சாப்பாடு என்று பெயர் வைத்தவர்களை எனக்கு எப்படிப் பிடிக்காமல் போகும்? ஒரு நாள் டப்பாவில் தயிர்சாதத்தோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மோர் மிளகாயும் வைத்திருந்தேன். அது தப்பு. கடித்தபோது மெதுவான பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வானொலியில் போயிருக்குமோ என்று இன்றைக்கும் சந்தேகம்.

மேடையில் ஒரு பெண். கையில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம், காலடியில் தான் பாடியதையே திரும்பத் திரும்ப ஓட்டும் பெடல், பக்கத்தில் ஒருவன் லேப்டாப்போடும் பெடல் ஸ்டீல் கிட்டாரோடும். பாட்டின் எலும்பு முழுக்க பாப். ஒருமுறை கேட்டால் முணுமுணுக்க வரும் பல்லவி. ஆனால் அவள் வாயைத் திறந்ததும் பிக்கப் பெரியவரின் ஊர் வந்து உட்கார்ந்தது. சொற்களை அவள் நீட்டியதும் மடக்கியதும் அச்சு அசல் மலைப்பக்கம். ஆபீஸில் அவர் ஒளித்து வைத்திருப்பதை, இவள் மைக்கைப் போட்டு ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். பாஞ்சோவில் ஐந்தாவது தந்தி ஒன்று குட்டையாகப் பாதிக் கழுத்திலேயே தொடங்கும். பாட்டு எங்கே போனாலும் அது மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நமக்குச் சுருதிப்பெட்டி, அவர்களுக்கு ஐந்தாம் தந்தி. பெடல் ஸ்டீலின் மூதாதை ஹவாயிலிருந்து வந்த கிட்டார். விரலால் அழுத்தாமல் ஒரு இரும்புத் துண்டைத் தந்தி மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள். கோட்டுவாத்தியம் கேட்ட காதுக்கு அந்த வழுக்கல் புதிதில்லை. இதையெல்லாம் வீட்டில் சொன்னால், "நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்களா, ஆகாசவாணியில் இருக்கிறீர்களா?" என்று மனைவி கேட்பாள்.

கன்ட்ரி இசை என்றதும் எனக்கும் முதலில் நினைவுக்கு வந்தது தொப்பி, பூட்ஸ், பெரிய டிரக், பீர் பாட்டில், விட்டுப்போன காதலி. அந்த வகையும் ரேடியோவில் தாராளமாக ஓடுகிறது; பறையை எடுத்துவந்து சட்டையில்லாமல் நாலு பேரை ஆடவிட்டால் கிராமத்துப் பாட்டு என்று நம் சினிமா நினைப்பதைப் போலத்தான் அதுவும். நான் தேடிப் போனது வேறு ஆட்களை. அலபாமாவிலிருந்து கேட்டி க்ரட்ச்ஃபீல்ட் என்றொருவர். பங்க் இசையில் தொடங்கி, 2020இல் வந்த ஆல்பத்தில் தன் தெற்கத்தித் தொனிக்குத் திரும்பியவர். மேடைப் பெயர் வாக்ஸஹாட்சி. அது அவர் ஊர்ப் பக்கத்து ஓடை ஒன்றின் பெயர். நான் 'நம்பியாறு' என்று பெயர் வைத்துக்கொண்டு மேடையேறியிருந்தால் ஹாஸ்டலில் உயிரோடு விட்டிருப்பார்களா? சட்டனூகாவில் பிறந்த அமிதிஸ்ட் கையா, இங்கிருந்து கிழக்கே ஜான்சன் சிட்டியில் உள்ள பல்கலைக்கழகத்தில் பழைய மலைப்பாட்டைப் பாடமாகவே படித்தவர். அதையும் மின்கிட்டாரையும் ஒன்றாகப் போட்டுக் குமுறுவார். மேற்கு டென்னஸியின் வலேரி ஜூன் பாடினால் குழந்தையா கிழவியா என்று தெரியாது. முதல் தடவை பிடிக்கவில்லை. நாலாவது தடவைக்குப் பிறகு விடவே முடியவில்லை.

இந்த வழியில் போனபோதுதான் பாஞ்சோவின் கதையும் தெரிந்தது. தொப்பிக்காரர்களின் வாத்தியம் என்று நான் நினைத்திருந்தது, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் ஊர் வாத்தியங்களின் நினைவில் இங்கே செய்துகொண்டது. இடையில் அவர்கள் பெயர் அழிந்து, தொப்பி மட்டும் மிஞ்சியது. பாடகி ரியானன் கிடன்ஸும் அவர் நண்பர்களும் வட கரோலினாவில் ஜோ தாம்ஸன் என்ற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞரின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, 2005இல் ஒரு குழு தொடங்கினார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் அண்ணாவியின் முகம் வந்தது. அவருடைய வீட்டுக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். மைக் செட் வாடகை பாக்கி கேட்க.

2021 மார்ச்சில் பெரியவர் ஒரு லிங்க் அனுப்பினார். "இது உன் மொழியா? உன் முதல் வார ஞாபகம் வந்தது" என்று ஒரு வரி. திறந்தால் 'என்ஜாய் எஞ்சாமி'. ராப் பாடகர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை மனதில் வைத்து எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடியது. பாப் தாளத்துக்கு நடுவில் ஒப்பாரியின் இழுப்பு. என் ஊர்ப் பக்கத்து ஒப்பாரியை ஒரு டென்னஸிக்காரர் எனக்கு அறிமுகம் செய்கிறார்! வெட்கமாக இருந்தது. பத்து தடவை கேட்டேன். அப்புறம், "யாரும் தவறவில்லை, எல்லாரும் நலம்" என்று பதில் போட்டேன்.

போன வருடம் அம்மா வந்தாள். ஆறு மாத விசா. முதல் வாரம் எல்லாம் அதிசயம். மூன்றாவது வாரத்திலிருந்து ஜன்னல். "தெருவுல ஒரு சத்தம் இல்லியேல. ஒரு கொட்டு இல்ல, ஒரு குழா இல்ல. எப்படி இருக்கீய?" என்பாள். மைக் செட்காரர் பெண்டாட்டிக்கு அமைதி ஒத்துக்கொள்ளவில்லை.

அவளை பிரிஸ்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இங்கிருந்து சுமார் 180 கிலோமீட்டர். கடைத்தெருவின் நடுவில் மாநில எல்லை ஓடுகிறது. ஒரு கடை டென்னஸியில், எதிர்க்கடை வர்ஜீனியாவில். 1927இல் ரால்ஃப் பியர் என்பவர் ரெக்கார்டிங் கருவிகளோடு இங்கே வந்து ஒரு தொப்பிக் கிடங்கில் கடை விரித்தார். மலையிலிருந்து இறங்கி வந்து பாடிவிட்டுப் போனவர்களில் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழுவும் ஒன்று. கன்ட்ரி இசை பிறந்த இடம் என்று இப்போது அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். அம்மா எல்லைக்கோட்டில் காலுக்கொரு மாநிலமாக வைத்து நின்று படம் எடுத்துக்கொண்டாள். உள்ளே ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏலே, இது எழவு வீட்டுல பாடுத மாரில்லா இருக்கு" என்றாள். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. நெடுஞ்சாலையில் வண்டிகள் குறைவு. நான் பாட்டு எதுவும் போடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அம்மா தானாகவே ஆரம்பித்தாள். சுடலைமாடன் கதை. எங்கள் அண்ணாவி பாடும் அதே மெட்டு, அதே நிறுத்தம். அம்மா கொடையில் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை; சமையல் வேலையில்தான் இருப்பாள். அப்பா கட்டிய குழாய் அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு அடி பாடி நிறுத்தினாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அதே அடியைப் பாடி நிறுத்தினாள். "ஆமா போட மாட்டியோ?" என்றாள்.

ஆமா போட்டேன். ஏழெட்டு அடி போயிருக்கும். மெதுவாக போனைத் தொட்டு ரெக்கார்டரை ஓடவிட்டேன். அம்மா பார்த்துவிட்டாள். "அத உள்ள வையி. ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள், ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டேன். மைக் செட்காரர் மகன் எடுத்த ஒலிப்பதிவு அது: பாதி டயர் சத்தம். அதற்கு அடியில் அம்மாவின் குரல். ஒரு அடி முடிகிறது, நான் வாயைத் திறப்பதற்குள், போனில் வழிகாட்டும் அம்மணி ஆங்கிலத்தில் தெளிவாக, "வலது பக்கமாகவே செல்லவும்" என்கிறாள். அம்மா நிறுத்துகிறாள். அப்புறம், "இவ யாருல, ஊடால?"