நெடி உண்டு

விஷக் கொலை வழக்கொன்றில் தடயவியல் வேதியியலராக நான் சாட்சி சொன்னபோது, குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்டவை எல்லாம் எதிர்பார்த்த கேள்விகள்தாம். உள்ளுறுப்புகள் நிறைவுற்ற உப்புக் கரைசலில் வந்தனவா, முத்திரைகள் மாதிரி முத்திரையோடு ஒத்திருந்தனவா, இரைப்பையில் இருந்த பூச்சிக்கொல்லியின் அளவைக் கணக்கிட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டார். அளவைக் கணக்கிடவில்லை, வாந்தியும் உறிஞ்சலும் போக எஞ்சியதை வைத்து உட்கொண்ட அளவைச் சொல்ல முடியாது என்றேன். அதன் பிறகுதான், “இந்த மருந்துக்கு நெடி உண்டுதானே மேடம்?” என்று கேட்டார். “உண்டு” என்றேன். ‘மோனோகுரோட்டோபாஸ் நெடியுடையது என்றால் சரிதான்’ என்று தட்டச்சர் அடித்துக்கொண்டார். “ஆனால்” என்று நான் தொடங்கியதும், “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மேடம்” என்றார் வழக்கறிஞர். குறுக்கு விசாரணைக்குப் பிறகு தம் சாட்சியிடம் மீண்டும் கேள்வி கேட்கும் மறு விசாரணை இல்லை என்று அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டார். சாட்சியத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன். அதில் திருத்துவதற்குத் தவறு எதுவும் இல்லை.

அந்த ‘ஆனால்’ என்னவாக இருந்திருக்கும் என்பதைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டில் இரைப்பைச் சாற்றின் புள்ளி, பக்கத்தில் இட்ட மோனோகுரோட்டோபாஸ் புள்ளியின் உயரத்திலேயே ஏறி நின்றது. மூலக்கூறுகளை அவற்றின் துண்டுகளின் நிறையை வைத்து அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் கருவியில் 127, 192 என்ற அதன் அடையாள எண்களும் வந்தன. அதே இரைப்பையில் எத்தில் ஆல்கஹாலும் இருந்தது. இரண்டும் என் அறிக்கையில் அடுத்தடுத்த வரிகளில் உள்ளன. பிராந்தியில் கலந்து கொடுத்தார்கள் என்பதே அரசுத் தரப்பு வழக்கு. அப்படியிருந்தும், குடித்திருந்த ஒருவருக்கு அந்த நெடி தெரிந்திருக்குமா என்று நீதிமன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

நெடிக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். விஷக் கொலையில் நோக்கம், விஷத்தால் நேர்ந்த சாவு, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், கைவசம் விஷம் இருந்தது, கொடுக்க அவருக்கு வாய்ப்பிருந்தது ஆகிய நான்கையும் நிரூபிக்க வேண்டும் என்று 1984ஆம் ஆண்டு சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் ஆய்வு தொடுவது இரண்டாவதை மட்டுமே. கடும் நெடியுள்ள ஒன்றை ஒருவருக்குத் தெரியாமல் கொடுக்க முடியாது, ஆகவே அவராகவே குடித்திருக்க வேண்டும் என்ற வாதமோ நான்காவதன் அடிப்படையையே அசைத்துவிடுகிறது. தானியத்தில் பூச்சி வராமல் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடைப் பொறுத்தவரை அந்த வாதத்தை நான் மறுக்க மாட்டேன். அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு அப்படிப்பட்டது. தூய மோனோகுரோட்டோபாஸுக்கு இருப்பதோ லேசான மணம்தான். அப்போது கடையில் விற்ற 36 சதவீதக் கரைசலில் கரைப்பானின் நெடியும் சேர்ந்துகொண்டது. சிவப்பு முக்கோணம் போட்ட அந்தப் புட்டியைத் திறந்து பார்த்தவள் நான். மூடியைத் திருகியதும் முகத்தில் அடித்தது உண்மைதான். ஆனால் எவரும் புட்டியை அப்படியே நீட்டிக் குடிக்கக் கொடுப்பதில்லை.

இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும்போதெல்லாம் மூத்த அதிகாரி ஒருவர் கேட்டது நினைவுக்கு வரும். “நீங்க பிராந்தியில கலந்து பாத்தீங்களாம்மா?” பார்க்கவில்லை. குடித்த குவளையோ மிஞ்சிய பிராந்தியோ ஆய்வுக்கு வரவே இல்லை. பம்புசெட் அறையிலிருந்து கைப்பற்றியதாக அனுப்பப்பட்ட பூச்சிமருந்துப் புட்டி மட்டுமே வந்தது. அது அப்போது எந்தப் பருத்திக்காரர் கொட்டகையிலும் கிடைத்தது. ஒருவருடைய மூக்கு எதை உணர்ந்திருக்கும் என்று சொல்ல நான் யார்? வேதியியலர் தாம் கண்டறிந்ததைத்தான் சொல்ல வேண்டும், ஊகத்தைச் சொல்லத் தொடங்கினால் கூண்டில் நிற்பது சாட்சி அல்ல, இன்னொரு வக்கீல். புதிதாகச் சேருபவர்களுக்கு இதையே சொல்லித் தருகிறேன். ஆயினும் ‘உண்டு’ என்ற பதிலும் புட்டியின் நெடியைப் பற்றியதே தவிர, இறந்தவர் குடித்ததன் நெடியைப் பற்றியதல்ல. ஒரு பக்கத்து ஊகத்துக்கு இடம் கொடுத்துவிட்டு மறுபக்கத்து ஊகத்தைச் சொல்லக் கூடாது என்று ஒதுங்கிக்கொள்வது எந்த வகை நடுநிலை?

எதிரி விடுதலையானார். தீர்ப்பைப் படித்தேன். மருந்து விற்ற கடைக்காரர் பிறழ் சாட்சியானது, புட்டியைத் தாமதமாகக் கைப்பற்றியது, கைப்பற்றியபோது இருந்த சாட்சிகளின் முரண்பாடுகள் ஆகியவற்றுக்கே பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. என் சாட்சியம் வருவது ஒரே பத்தியில். நான் ‘ஆனால்’ சொல்லி முடித்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன். அவர் செய்தாரா என்பதும் எனக்குத் தெரியாது. உண்மையிலேயே இறந்தவர் தாமாகக் குடித்திருந்தால், என் பாதிப் பதில்தான் நியாயத்துக்கு உதவியது என்றாகும். அப்படி நினைத்து ஆறுதல் கொள்ளவும் எனக்கு ஆதாரம் இல்லை.

அடுத்த மாதம் குளோர்பைரிபாஸ் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி தொடர்பான வழக்கொன்றில் அழைப்பாணை வந்திருக்கிறது. இதே கேள்வி வரும். மறு விசாரணையில் இன்னதைக் கேளுங்கள் என்று அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், அதைச் சட்டம் தடுக்கவில்லை. அப்படிச் சொன்னால் எதிர்தரப்பு வழக்கறிஞருக்கும் அதையே சொல்ல வேண்டும் அல்லவா என்ற இடத்தில் நின்றுவிடுகிறேன். இரண்டு பேரில் ஒருவரையும் இதுவரை அழைக்கவில்லை.