மரம் அரியும் மெஷினுக்கு அடுத்த ஆளைத் தேடிய ஆறு கிழமைகள்

கனடாவில், லின்ட்சே பக்கம் நண்பரின் காணியில் ஐந்து வருடம் நின்ற என் சாமில், அதாவது மரம் அரியும் மெஷின், போன ஞாயிற்றுக்கிழமை ட்ரெயிலரில் ஏறிப் போய்விட்டது. காணி விற்பனைக்குப் போகிறது. ஸ்காபரோவில் என் வீட்டுப் பின்வளவில் பிளேட் ஓடும் இவ்வளவு நீளத் தண்டவாளம் போட இடமில்லை. அதனால்தான் கொடுத்தேன், அலுத்துப்போய் அல்ல.

2017இல் வாங்கியதற்குக் காரணம் அங்கே நின்ற ஆஷ் மரங்கள். வட அமெரிக்காவில் 2002இல் டெட்ரோயிற், வின்ட்சர் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட, ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு (emerald ash borer) லின்ட்சே வரை வந்து, மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுக்கொண்டிருந்தன. பட்டையை உரித்துப் பார்த்தால் புழு வளைந்து வளைந்து தின்ற தடம். வண்டு வெளியே வந்த துளை பாதி நிலா மாதிரி. ஆனால் புழு தின்பது பட்டைக்கு அடியில் மட்டும்தான், உள்மரம் அருமையான பலகை. பட்டுப்போய் நீண்ட நாள் நின்றால் முறுகி உடையத் தொடங்கிவிடும், கெதியாய் அரிந்துவிட வேண்டும். அதை எல்லாம் விறகாக்க எனக்கு மனம் வரவில்லை.

மெஷின் ஒன்ராறியோவிலேயே செய்த நோர்வுட் கம்பனியுடையது, 13 குதிரைத்திறன் ஹொண்டா எஞ்சின். மரம் அசையாமல் கிடக்கும். வளையமாக ஓடும் பிளேடைத் தண்டவாளத்தின் மேல் நாங்கள் கையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு வெட்டுக்குத் தூளாகப் போவது ஏறக்குறைய 2 மில்லிமீற்றர். செயின்சோவால் பலகை அரிந்தால் அது 8, 9 ஆகும். முதல் பலகை விழுந்த அன்று வந்த வாசம், சின்ன வயதில் ஊர் மரக்காலைக்குள் நுழைந்தால் வருமே, அதேதான். மரம் வேறு, வாசம் எப்படி ஒன்றாக இருந்ததோ தெரியாது.

சரி, விற்ற கதைக்கு வருகிறேன்.

செப்டம்பர் முதல் கிழமை விளம்பரம் போட்டேன். தார்ப்பாய் மூடிய நிலையில் இரண்டு படம், ஓடிய மணித்தியாலம் 310, விலை, அவ்வளவுதான். வந்தவை எல்லாம் வீண் அழைப்புகள். ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். இன்னொருவர் நான் கேட்டதைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்புகிறேன், மிச்சத்தை மெஷின் ஏற்ற வருகிறவரிடம் கொடுங்கள் என்று எழுதினார். அது பழைய மோசடி, பதிலே போடவில்லை. ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி எடுத்து, "அண்ணை, எஞ்சினை மட்டும் கழட்டித் தருவியளோ?" என்றார். அவருக்கு அது தேவைதான், ஆனால் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்த மெஷின் முழுசாக இருந்து மரம் அரிய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது.

அப்புறம்தான் யோசித்தேன்: வாங்குகிறவருக்கு வேண்டியது பலகை. ஓடவிட்டு வீடியோ எடுப்போம் என்று கடைசியாகக் கிடந்த ஆஷ் குற்றியை ஏற்றினேன். எண்ணெய் மாற்றி, காபரேற்றரில் நின்று பசையாகிப்போன பழைய பெற்றோலைத் துடைத்து, புது பிளேட் போட்டு, தண்ணீர்த் தாங்கியையும் நிரப்பினேன். எஞ்சின் மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. குற்றியைப் புரட்டிப் போட்டு அரிந்து முடித்துக் கடைசிப் பலகையை எடுத்தால், இரண்டு நுனியும் ஓர் அங்குலம், நடுப்பகுதி ஒன்றேகால்.

முதலில் பிளேடின் இழுவிசையைச் சந்தேகப்பட்டேன். அது சரியாக இருந்தது. நுனிக்கு நுனி நூல் பிடித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: குளிர்காலத்தில் உறைந்து பொங்கிய நிலம், தண்டவாளத்தின் நடுக் காலுக்குக் கீழிருந்த கொங்கிறீற் கல்லைத் தூக்கிவிட்டது. தூக்கியது எட்டில் ஒரு அங்குலம்தான். ஆனால் முதல் முகத்தை அரியும்போது பிளேட் அந்த மேட்டில் ஏறி இறங்குகிறது, மரத்தின் நடு அந்த அளவு தடிக்கிறது. புரட்டிப் போட்டால் அந்தத் தடித்த பக்கம் கீழே வர, மேலே பிளேட் மறுபடியும் அதே மேட்டில் ஏறுகிறது. அதனால் பிழை இரண்டு மடங்காகி, எல்லாம் கடைசிப் பலகையில் வந்து சேர்கிறது. நடுக் காலின் நட்டைத் தளர்த்தி இறக்கி, நூலுக்குச் சமமாக்க ஒரு பின்னேரம் போனது. மண்ணில் மெஷின் வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் வேலையாக நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு வருடம் நான் அதைச் செய்யவில்லை.

இரண்டாவது விளம்பரத்தில் வீடியோவோடு அந்தத் தடித்த பலகையின் படத்தையும் போட்டு, என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்று எழுதினேன். மூன்றாம் நாள் பீற்றர்பரோ பக்கத்திலிருந்து ஒரு பெண் எடுத்தார். 2022 மே 21 புயலில் அவர்களுடைய காணியில் பைன் மரங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டனவாம். கோடை முழுக்கக் கிடந்ததில் மரத்தில் நீலம் பாய்ந்துவிட்டது, இனி அரிந்து பயனுண்டா என்று கேட்டார். நீலம் நிறத்தைத்தான் கெடுக்கும், பலத்தைக் கெடுக்காது, களஞ்சியச் சுவருக்குத் தாராளமாகப் போகும் என்றேன். விலையைப் பற்றிய பேச்சே பிறகுதான் வந்தது.

தகப்பனோடு வந்தார். குற்றியின் மிச்சத் துண்டை ஏற்றி, பிடியை அவர் கையிலேயே கொடுத்தேன். முதலில் வேகமாகத் தள்ளினார், பிளேட் அலைந்தது. சத்தத்தைக் கேளுங்கள், எஞ்சின் திணறாத வேகம்தான் சரியான வேகம் என்றேன். இரண்டாவது வெட்டில் கை பழகிவிட்டது. தகப்பன் பலகையைத் தூக்கி ஒரு கண்ணை மூடி ஓரத்தைப் பார்த்தார், தலையாட்டினார். கேட்டதைவிட 300 டொலர் குறைத்துக் கொடுத்தேன். கூர் தீட்டிய ஆறு பிளேடையும் நூல் உருண்டையையும் சேர்த்துக் கொடுத்தேன்.

தண்டவாளத்தை இரண்டாகக் கழற்றி ஏற்ற மூன்று மணித்தியாலம் எடுத்தது. இப்போது அங்கே மிச்சம், நாற்பது ஆஷ் பலகைகள். இடையிடையே சலாகை வைத்து அடுக்கி, நுனிகளுக்கு மெழுகு பூசியிருக்கிறேன். பனி விழுமுன் கராஜுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஓர் அங்குலத்துக்கு ஒரு வருடம் என்ற கணக்கில் அடுத்த இலையுதிர்காலம் காய்ந்துவிடும், சாப்பாட்டு மேசைக்கு நீளம் போதும்.