ஒப்பந்தம் இல்லாத மே மாதம்

மே 6

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. காலை ஐந்தரைக்கே நேதாஜி ஸ்டேடியத்துக்குப் போனால்தான் உண்டு. எட்டு மணிக்கு மேல் வேலூர் வெயிலில் ஓடுவது பயிற்சி இல்லை, தண்டனை. பள்ளிக்கூடப் பசங்களோடு சேர்ந்து ஃபுட்பால் ஆடினேன். ஒருவன் கேட்டான்: "இப்போ எந்த டீம்ணா?"

"எதுவும் இல்லடா."

"அப்போ ரிட்டயர்டாண்ணா?"

31 வயது ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன், ரிட்டயர் ஆவதில்லை. சீசன் முடியும், ஒப்பந்தம் முடியும், அப்புறம் போன் வர வேண்டும். அவ்வளவுதான்.

மே 9

ஏஜென்ட் நாலு நிமிட வீடியோ கேட்கிறார். ஃபார்வர்டு ஆடுகிறவனுக்குக் கவலை இல்லை, கோலை வெட்டி ஒட்டிவிடுவான். நான் நன்றாக ஆடிய மேட்சில் எதிரணியின் ஒன்பதாம் நம்பர் ஃபார்வர்டு ஒரு தடவைகூட கோல் பக்கம் திரும்பவில்லை. அதை எப்படி வீடியோவாக்குவது? பார்க்கிறவனுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும்.

கடைசியில் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிய காட்சிகளாகப் பொறுக்கினேன். இடம் தவறி நின்றவன்தான் பெரும்பாலும் சறுக்குவான் என்பது எல்லாக் கோச்சுக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். சரி, அனுப்பியாச்சு.

மே 14

பூடானின் திம்புவில் வேறொரு கிளப் விசாரிக்கிறதாம். அங்கே ஏற்கெனவே ஆடியிருக்கிறேன். சாங்லிமிதாங் மைதானம் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, செயற்கைப் புல். முதல் வாரம் மூச்சு வாங்கும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். பந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. காற்று மெலிசு என்பதால் உயரப் பந்து நினைத்ததைவிட நீளமாகப் போகும். நெற்றிக்கு வரும் என்று நின்றால் தலைக்கு மேலே தாண்டிவிடும். இரண்டடி பின்னால் தள்ளி நின்று பழக வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய சீசன் மாலத்தீவின் மாலேயில், கடல் மட்டத்தில், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும் புழுக்கத்தில். நாடு மாறும்போது சாப்பாடு, மொழி எல்லாம் எப்படியோ சமாளிக்கலாம். பந்து எங்கே விழும் என்ற கணக்கைத்தான் புதிதாகப் போட வேண்டும்.

அப்பா வழக்கம்போல, "ரயில்வேல ஸ்போர்ட்ஸ் கோட்டா பார்க்கலாமேப்பா" என்றார். அதற்கு 25 வயதுதான் வரம்பு என்று போன மேயிலும் சொன்னேன்.

மே 18

ஆம்பூர். சித்தப்பா ஷூ கம்பெனியில் ரொம்ப வருஷம். என் பூட்ஸை வளைத்துப் பார்த்துவிட்டு, "தையல் நல்லாத்தான் இருக்கு, பேஸ்டிங்தான் போச்சு" என்றார். செயற்கைப் புல்லுக்குக் குட்டைக் குமிழ் வைத்த சோல்தான் வேண்டும். நீளக் குமிழ் தரையைக் கவ்விப் பிடித்தால் திரும்பும்போது முட்டிதான் வாங்கும். இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு ஒரே உற்சாகம், பிரியாணி ஆறும்வரை சோல் பற்றியே பேச்சு.

தம்பி முறைக்காரன் ஒருவன், "ஐரோப்பாவுக்கெல்லாம் போக முடியாதாண்ணா?" என்றான். சந்தேஷ் ஜிங்கன், இந்திய அணியின் ஸ்டாப்பர், 2021 ஆகஸ்டில் குரோஷியாவின் ஷிபெனிக் கிளப்புக்குப் போனார். காயம், ஒரு மேட்ச்கூட ஆடாமல் ஜனவரியில் திரும்பினார். 2009இல் இந்திய அணியின் ஃபார்வர்டு சுனில் சேத்ரியை ஒரு லண்டன் கிளப் எடுக்க நினைத்தது. உலகத் தரவரிசையில் இந்தியா முதல் 70க்குள் இல்லை என்று வேலை அனுமதி கிடைக்கவில்லை. அவர்களுக்கே அந்த நிலைமை என்றால் எனக்குப் பக்கத்து நாடுகள் போதும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

மே 23

திம்புவிலிருந்து ஒப்பந்தத் தாள் வந்தது. மெடிக்கல் பாஸானால்தான் செல்லும் என்று ஒரு வரி. ஃபிஃபா விதிப்படி அப்படி நிபந்தனை போட முடியாது. பரிசோதனையை முதலில் முடித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். ஏஜென்ட்டிடம் சொன்னேன், எடுத்துவிட்டார்கள்.

நுழைவதற்கு விசா வேண்டாம், வோட்டர் ஐடியே போதும். ஆனால் இங்குள்ள ஃபுட்பால் சம்மேளனத்திலிருந்து சர்வதேச மாற்றுச் சான்றிதழ் போகாமல் மேட்சில் இறங்க முடியாது.

சம்பளம்தான் பெரிய விஷயம். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், எழுத்தில் கேட்டு 15 நாள் அவகாசம் கொடுத்து, அப்புறமும் வராவிட்டால் ஆட்டக்காரன் ஒப்பந்தத்தை முறிக்கலாம். விதி நல்ல விதி. முன்பு ஒரு கிளப்பில் எனக்கு அந்த நிலை வந்தபோது, தங்கிய அறை அவர்களுடையது, சாப்பாடு அவர்களுடையது, ஊர் திரும்பும் டிக்கெட்டும் அவர்கள் கையில். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு யார் கடிதம் எழுதுவார்கள்?

இந்த முறை சம்பளத் தேதியைத் தாளில் எண்ணால் போடச் சொல்லியிருக்கிறேன். திரும்பும் டிக்கெட் காட்பாடிவரைக்கும், என் பெயரில், கிளம்பும் முன்பே வர வேண்டும் என்றும் மெயில் போட்டாயிற்று. "ரொம்ப கேக்குறே" என்கிறார் ஏஜென்ட். கேட்கத்தான் செய்வேன்.