மேனுவல் 330ஐ விற்கப் போய் எஞ்சின் எண்ணில் மாட்டியது

பிஎம்டபிள்யூ 330ஐ, ஈ46 தலைமுறை, 2004 மாடல், நாலு கதவு, ஆறு கியர் மேனுவல், ஓட்டம் 2,14,000 கிலோமீட்டர், தென்னாப்பிரிக்காவில் டர்பன் வண்டி. இரண்டு வாரத்தில் கைமாற்றிவிடலாம் என்று போட்ட கணக்கு பதினொரு வாரம் இழுத்தது. ஆள் கிடைக்காமல் இல்லை. விளம்பரம் போட்ட மூன்றாம் நாளே ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கத்து லெனேசியாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டுவிட்டார். இழுத்தடித்ததெல்லாம் காகிதம்.

விலைப் பேச்சு சீக்கிரம் முடிந்தது. ‘இன்றே பணம்’ என்று விளம்பரம் செய்யும் கடை ஒன்றில் 48,000 ராண்ட் சொன்னார்கள். வருடம், மாடல், ஓட்டம் மூன்றையும் தட்டினால் கணினி சொல்கிற விலை அது. கியர் மேனுவலா ஆட்டோவா என்று ஒரு கேள்விகூட வரவில்லை. லெனேசியாக்காரர் 1,18,000 வரை வந்தார். கிளட்ச் பெடல் உள்ள செடான் குறைந்துகொண்டே போவதை அறிந்தவர் அவர். பிஎம்டபிள்யூவின் வேக செடானான எம்5-இன் ஈ39 தலைமுறை மேனுவலில் மட்டும்தான் வந்தது. அடுத்து வந்த ஈ60 எம்5-இல் மேனுவல் வட அமெரிக்காவுக்கு மட்டும், நமக்கு கிளட்ச் பெடல் இல்லாத எஸ்எம்ஜி கியர்தான். ஈ39 விலை கைக்கு எட்டாதவர்கள் நல்ல 330ஐ தேடுகிறார்கள். ஆனால் இந்த வயது வண்டிக்கு வங்கிக் கடன் குதிரைக்கொம்பு, வருகிறவர் கைக்காசைப் போடுகிறார். கைக்காசு போடுகிறவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ரோட்வொர்த்தி, அதாவது சாலைத் தகுதிச் சோதனையில் மூன்று குறை எழுதிக் கொடுத்தார்கள். முன் லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது. பக்கக் கண்ணாடி டின்ட் கறுப்பு அதிகம் (35 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும்). மூன்றாவது, எஞ்சினில் அடித்திருக்கும் எண் ஆர்.சி.1 என்ற பதிவுச் சான்றிதழில் உள்ள எண் இல்லை. முதல் இரண்டும் அரை நாள் வேலை. மூன்றாவது எட்டு வாரம் தின்றது.

எண் மாறிய காரணம் இந்த எம்54 எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். பிளாக் அலுமினியம், சுற்றியிருக்கும் கூலிங் சாமான் பாதி பிளாஸ்டிக். எக்ஸ்பான்ஷன் டேங்க், ரேடியேட்டர் கழுத்து, தெர்மோஸ்டாட் ஹவுசிங் எல்லாம் லட்சம் கிலோமீட்டர் தாண்டினால் எந்த நாளும் வெடிக்கலாம். ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்டால் ஹெட் கேஸ்கெட் மட்டும் போவதில்லை; ஹெட் போல்ட் பிடிக்கும் மரையும் பிளாக்கிலிருந்து உரிந்து வந்துவிடும். மரையை இன்சர்ட் போட்டு மீட்கலாம். ஆனால் ஒர்க்‌ஷாப்காரர்கள் பெரும்பாலும் ஸ்கிராப் யார்டிலிருந்து ஒரு எஞ்சினைத் தூக்கி வைத்துவிடுவார்கள். 2018-இல் இதற்கும் அதுவே நடந்தது. “நம்பர் விஷயமெல்லாம் யாரும் பாக்கிறதில்ல அண்ணா” என்று அன்றைக்குச் சொன்ன வாய்க்கு இன்றைக்குச் சர்க்கரை போட முடியாது. வருடா வருடம் லைசென்ஸ் டிஸ்க் புதுப்பிக்கும்போது பானெட்டை யாரும் திறப்பதில்லை என்பதால் ஆறு வருடம் தெரியாமலே ஓடியது. பெயர் மாற்றப் போகும்போதுதான் பூதம் கிளம்பும். எஞ்சின் மாற்றியவர்கள் விற்க நினைக்கும் வரை காத்திருக்காமல் மாற்றிய மாதமே இதைச் செய்துவிடுங்கள்.

லைசென்ஸ் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் நின்று கிடைத்தது ஆர்.பி.சி. படிவம், அதாவது போலீஸ் சோதனைக்கான கோரிக்கை. “இதை எடுத்துக்கொண்டு வண்டியோடு போலீசிடம் போங்கள்” என்றார் கவுன்டரில் இருந்தவர். வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஐ.டி. போதும் என்றார். போதாது. வண்டிச் சோதனைப் பிரிவில் கேட்ட முதல் கேள்வியே எஞ்சின் எங்கிருந்து வந்தது, பில் எங்கே. ஒர்க்‌ஷாப் பில்லில் ‘பழைய எஞ்சின் 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. எண் இல்லாத பில் வெறும் காகிதம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் விடுப்பு வீண்.

கொண்டுபோக வேண்டியவை இவை: ஆர்.பி.சி. படிவம், ஆர்.சி.1 அசலும் நகலும், ஐ.டி. நகல், எஞ்சின் எண் எழுதப்பட்ட பில், அதை விற்ற கடையின் பெயர் முகவரி, எஞ்சின் எப்போது எதற்காக மாற்றப்பட்டது என்ற சத்தியக் கடிதம். எஞ்சின் வந்த பழைய வண்டியின் பதிவு நீக்கச் சான்று கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். அந்த வண்டி பதிவிலேயே இருந்தால் ஒரே எஞ்சின் எண் இரண்டு வண்டியில் நிற்கும். அந்தச் சிக்கலை அவிழ்ப்பது இதைவிடப் பெரிய பாடு.

பில்லுக்காக ஸ்கிராப் யார்டுக்குப் போனால் முதலில் கையை விரித்தார்கள். காப்பாற்றியது 2009-ஆம் ஆண்டின் பழைய பொருள் விற்பனைச் சட்டம். பழைய சாமான் வாங்கி விற்கிற கடை போலீசில் பதிவு செய்திருக்க வேண்டும், வரவு செலவை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். ரெஜிஸ்டரைப் பார்க்கலாமா என்று கேட்டதும் பெரியவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு, “மேல பரண்ல பதினெட்டாம் வருச புக் இருக்கும், எடுத்துட்டு வாய்யா” என்றார். மூன்றாவது புத்தகத்தில் இருந்தது: தேதி, எஞ்சின் எண், எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று காட்டும் வின் எண் (வண்டியின் அடையாள எண்). கடை முத்திரையோடு புதுப் பில் எழுதி, அந்தப் பக்கத்தின் நகலையும் கொடுத்தார். இந்த விவகாரத்தில் உருப்படியாக உதவிய ஒரே மனிதர் அவர்தான்.

காகிதம் சரியாகி மறுபடி போனால் அடுத்த தடை: எண்ணைப் படிக்க முடியவில்லை. இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் கசிவது வழக்கம். கசிந்த ஆயில் பிளாக் ஓரமாக வழிந்து, தூசியோடு கலந்து, எண்ணின் மேல் தார் மாதிரி படிந்திருந்தது. சோதிப்பவர் துணியால் ஒருமுறை துடைத்தார், தெரியவில்லை, அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அன்று பதினோரு மணிக்கே வரிசையையும் மூடிவிட்டார்கள்.

வீட்டில் அவசரப்பட்டு இரும்பு பிரஷ்ஷையோ உப்புத்தாளையோ எடுத்துவிடாதீர்கள். எண்ணைச் சுற்றிக் கீறல் விழுந்தால் அடித்து மாற்றியதாகச் சந்தேகம் வரும், வண்டியையே பிடித்து வைக்கலாம். டீகிரீசர் தெளித்துக் கால் மணி ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். அதற்கு முன் கேஸ்கெட்டை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் மறுபடி மூடிவிடும். ரப்பர் விலை அற்பம், கூலிதான் செலவு. சுத்தமானதும் டார்ச் அடித்துப் படம் எடுத்து, பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோங்கள். மூன்றாவது தடவை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேராக இடத்துக்குப் போய்ச் சரிபார்த்தார்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

போலீஸ் சோதனைக்குப் போகும் வண்டிக்கு மைக்ரோடாட், அதாவது வண்டியின் அடையாளம் பொறித்த நுண்ணிய புள்ளிகள் இருக்க வேண்டும். 2012 செப்டம்பருக்குப் பின் முதல் பதிவான வண்டிகளில் ஏற்கெனவே இருக்கும், 2004 வண்டியில் இருக்காது. கடையில் தெளித்துச் சான்று கொடுப்பார்கள். வரிசையில் நிற்கும் முன்பே முடித்துவிட்டால் ஒரு நடை மிச்சம்.

சான்று வந்து லைசென்ஸ் அலுவலகத்துக்குத் திரும்பியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. கவுன்டரில் புதிய ஆள். எஞ்சின் மாற்றம் என்றதும், “அப்படியானால் கோட் 3” என்று தட்டச்சு செய்யத் தொடங்கினார். கோட் 3 என்றால் அடிபட்டோ முறிந்தோ மறுபடி கட்டி எழுப்பிய வண்டி. அந்த எண் ஏறிய வண்டிக்கு யாரும் நல்ல விலை கொடுக்க மாட்டார்கள், இன்சூரன்ஸ்காரர்களும் முகம் சுளிப்பார்கள். சேசிஸ் அதே, உடம்பு அதே, எஞ்சின் மட்டும் மாறிய வண்டி, சாதாரணப் பழைய வண்டிக்கான கோட் 2-லேயே இருக்க வேண்டும். சொன்னால் கேட்கவில்லை. மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லி நாற்பது நிமிடம் நின்ற பிறகு திருத்தினார்கள். புது ஆர்.சி.1 கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் வின் எண், எஞ்சின் எண், கோட், நிறம், உரிமையாளர் பெயர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடன் எப்போதோ முடிந்திருந்தும் வங்கியின் பெயரே உரிமைதாரர் (டைட்டில் ஹோல்டர்) இடத்தில் நிற்கும் வண்டிகளும் உண்டு. அப்படியிருந்தால் வங்கியிடமிருந்து கடிதம் வாங்கி இங்கேயே தீர்த்துவிடுங்கள்.

இதற்குள் ரோட்வொர்த்தியின் மறுசோதனைக் கெடு போய்விட்டது. குறை எழுதிய 14 நாளுக்குள் போனால் அந்தக் குறைகளை மட்டும் பார்ப்பார்கள். தாண்டினால் முழுச் சோதனை, முழுக் கட்டணம். கட்டினேன். சான்றிதழுக்கு 60 நாள்தான் ஆயுள், அதனால் எண் விவகாரம் இருப்பவர்கள் போலீஸ் வேலையை முடித்துவிட்டு ரோட்வொர்த்திக்குப் போவதே புத்தி. இந்த வரிசை முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வாரமாவது மிஞ்சியிருக்கும்.

லெனேசியாக்காரர் பொறுமைசாலி. அவ்வளவு நாள் காத்திருந்து, வந்த அன்று வண்டியை இரண்டு மணி நேரம் பிரித்து மேய்ந்தார். முதலில் வின் எண். பதினோராவது எழுத்து ‘என்’, அதாவது தென்னாப்பிரிக்காவிலுள்ள ரோஸ்லின் தொழிற்சாலை. அதைப் போட்டுத் தேடி, கம்பெனியிலிருந்தே மேனுவலாக வந்த வண்டியா என்று பார்த்தார். ஆட்டோவைக் கழற்றி மேனுவல் வைத்த வண்டிகள் இப்போது அதிகம், அவற்றுக்கு இந்த விலை கிடையாது. அடுத்து லிஃப்டில் ஏற்றிப் பின் ஆக்சில் பிடிக்கும் தரைத் தகடு. ஈ46-களில் அந்த இடம் விரிசல் விட்டுக் கிழியும். கிழிந்திருந்தால் பேச்சே முடிந்துவிடும். பூட் கம்பளத்தை விலக்கி மேல்பக்க வெல்டுகளையும் பார்த்தார். அந்தத் தகட்டைப் பெயின்ட் பூசாமல் சுத்தம் செய்து முன்பே படம் எடுத்து வைத்திருந்தது உதவியது. தார் பூசி மறைத்த தகட்டை எவரும் நம்ப மாட்டார்கள்.

கிளட்சைச் சோதிக்க நாலாவது கியரில் 2,000 சுற்றில் முழுதாக மிதித்தார். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் வழுக்கல். நியூட்ரலில் ஐடிலில் கடகடவென்றால் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சின் அதிர்வை உறிஞ்சும் சக்கரம்) தேய்ந்திருக்கும், அது கிளட்சைவிட விலை. இரண்டுக்கும் தேதி போட்ட பில் இருந்ததால் பேரம் அந்தப் பக்கம் போகவில்லை. கூலிங் சாமான் மொத்தமும் மாற்றிய பில்லைத்தான் அதிக நேரம் படித்தார். சஸ்பென்ஷனுக்கும் ஸ்பீக்கருக்கும் போட்ட காசுக்கு ஒரு ராண்ட் சேர்த்துத் தரவில்லை, தரவும் மாட்டார்கள். மாறாக ஒரிஜினல் வீல்கள் கராஜில் இருக்கின்றன என்றதும் முகம் மலர்ந்தது.

ஜோபர்க்காரர்கள் கடலோர வண்டி என்றால் துருவைத் தேடுவார்கள். பின் சக்கர வளைவின் உள் விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், நம்பர் பிளேட் விளக்கைச் சுற்றி மூன்றையும் காட்டிவிடுங்கள். வளைவில் இருந்த ஒரு புள்ளிக்காக 6,000 குறைத்தார், 1,12,000-இல் முடிந்தது. இன்னொரு பக்கம் கடல் மட்டம் விற்பவருக்குச் சாதகம். டர்போ இல்லாத எஞ்சின் ஜோபர்க் உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். இந்த 170 கிலோவாட்டை அவர் முழுதாக உணர்ந்தது இங்கே எம்4 சாலையில்தான்.

பணத்தை வங்கிக் கிளையில் உட்கார்ந்தே மாற்றினோம். ‘பணம் அனுப்பியாகிவிட்டது’ என்ற போலிச் சீட்டு காட்டி வண்டியோடு மறைவது இங்கே பழைய தந்திரம். கணக்கில் பணம் வந்து சேரும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள். அங்கிருந்து நேராகப் போய் என்.சி.ஓ. படிவம், அதாவது கைமாற்ற அறிவிப்பு கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கினேன். ஆர்.சி.1, ரோட்வொர்த்தி, பில்கள் அவர் கையில். ஆர்.எல்.வி. என்ற பதிவு விண்ணப்பம் போட்டுத் தன் பெயருக்கு மாற்ற அவருக்கு 21 நாள்.

ஒன்பதாம் நாள் வேக அபராதம் ஒன்று என் முகவரிக்கு வந்தது. ஜோபர்க் போகும் என்3 நெடுஞ்சாலை, வான் ரீனன் கணவாய் தாண்டி, விற்ற அன்று மாலை 5.40. ஆறாவது கியரில் போயிருப்பார். என்.சி.ஓ. முத்திரை அதே நாள் பிற்பகல் 2 மணி. நகலை இணைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.