15 புளோரைட்டுகளின் கணக்கு

சென்ற மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டிற்கு நீர் வடிகட்டி விற்கும் ஓர் இளைஞர் வந்திருந்தார். எங்கள் குழாய் நீரை ஒரு குவளையில் பிடித்து, அதற்குள் இரண்டு உலோகக் கம்பிகளை இறக்கி மின்னைச் செலுத்தினார். சில நிமிடங்களில் நீர் துரு நிறமாகக் கலங்கி, அடியில் சேறு போல ஏதோ படியத் தொடங்கியது. "பார்த்தீங்களா அன்ரி, இதைத்தான் நீங்கள் குடிக்கிறீங்கள். எங்கட மெஷின் போரெவர் கெமிக்கலைக்கூட அழிச்சுப்போடும்" என்றார். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நீண்ட காலமாக இரசாயனவியல் கற்பிக்கும் எனக்கு, கலங்கியது நீரின் அழுக்கல்ல, கரைந்துகொண்டிருக்கும் அவருடைய இரும்புக் கம்பிதான் என்பது தெரியும். ஆயினும் வெயிலில் படியேறி வந்த பிள்ளையாயிற்றே என்று தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். கம்பி வித்தையை மன்னித்துவிடலாம். 'அழிச்சுப்போடும்' என்ற அந்த ஒரு சொல்தான் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது.

'போரெவர் கெமிக்கல்', அதாவது என்றும் அழியா இரசாயனம், என்று அவர் குறிப்பிட்டவை பிஃபாஸ் (PFAS) எனப்படும் புளோரின் ஏறிய காபன் சேர்வைகள். 1938ஆம் ஆண்டு டுபோண்ட் ஆய்வுகூடத்தில் ரோய் பிளங்கெட் என்பவர் தற்செயலாகக் கண்ட டெஃப்லோனில் தொடங்கிய குடும்பம் இது. ஒட்டாத தாச்சி, மழைச் சட்டை, எண்ணெய் ஊறாத உணவுத் தாள், எரிபொருள் தீயை அணைக்கும் நுரை என்று பல உருவங்களில் நம்மிடம் வந்து சேர்ந்தது. காபனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலான பிணைப்பை உடைக்க மூலொன்றுக்கு ஏறத்தாழ 413 கிலோயூல் போதுமானது. காபன்–புளோரின் பிணைப்புக்கு 485 கிலோயூல் அளவில் வேண்டும். அதற்கும் மேலாக, புளோரின் அணுக்கள் காபன் சங்கிலியை நெருக்கமாகப் போர்த்தியிருப்பதால், நீரைச் சுத்திகரிக்க நாம் நம்பியிருக்கும் குளோரினும் ஓசோனும் நுழைய இடமின்றித் திரும்பிவிடுகின்றன. பக்றீரியாவுக்கும் அதில் உண்ண எதுவுமில்லை.

நம் வீடுகளின் மாறாத மருந்து கொதித்தாறிய நீர். கிருமிக்கு அது மிக நல்ல மருந்து, ஆனால் இங்கே பயன்படாது. நீர் ஆவியாகிப் போக, கேத்தலில் எஞ்சிய நீரில் இந்தச் சேர்வைகளின் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

இது அமெரிக்காவின் பிரச்சினை மட்டுமே என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 2005ஆம் ஆண்டிலேயே கொழும்பு வாசிகளினதும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரினதும் குருதியில் இவை இருப்பதைக் காட்டும் ஆய்வு வெளிவந்துவிட்டது. எளிதில் அழியாத நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையான ஸ்டொக்ஹோம் சமவாயம், பிஃபாஸ் குடும்பத்தில் 2009இல் பி.எஃப்.ஓ.எஸ். (PFOS) என்பதையும் 2019இல் பி.எஃப்.ஓ.ஏ. (PFOA) என்பதையும் தன் பட்டியலில் சேர்த்தது; இலங்கையும் அச்சமவாயத்தின் தரப்பு நாடு.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். வடித்தல் வேறு, அழித்தல் வேறு. ஏவப்பட்ட காபன் எனும் நுண்துளைக் கரியும் அயன் மாற்றிப் பிசினும் பிஃபாஸைப் பிடித்து வைக்கின்றன, ஆர்.ஓ. எனும் எதிர்ச் சவ்வூடுபரவல் மென்சவ்வு அதை ஒரு பக்கம் ஒதுக்குகிறது. குடிப்பவருக்கு அதுவே பெரிய நன்மை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒதுக்கிய நீர் எங்கே போகிறது என்று இளைஞரிடம் கேட்டபோது, அவர் சமையலறைக் கழிவுத் தொட்டியைக் காட்டினார். வடிகட்டியின் பழைய உருளை குப்பை லொறியில் ஏறும், லொறி அதைக் குப்பை மேட்டில் கொட்டும், மழை அதைக் கழுவி மீண்டும் நீருக்கே அனுப்பும்.

உண்மையில் அழிக்க வேண்டுமானால், மூலக்கூறின் குடுமியைப் பிடிக்க வேண்டும். பி.எஃப்.ஓ.ஏ. மூலக்கூறின் உடல் முழுவதும் புளோரின் கவசம் என்றாலும், ஒரு முனையில் காபொட்சிலிக் அமிலத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. 2022இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டிக்ரலின் குழுவினர், டைமெதைல் சல்பொட்சைட்டு என்ற கரைப்பானில் சாதாரண சோடியம் ஐதரொட்சைட்டைச் சேர்த்து 120 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி, அந்தத் தலையைக் கழற்றினார்கள். தலை போனதும் எஞ்சிய சங்கிலி தன்னிலை தடுமாறியது; அதன் புளோரின்கள் புளோரைட்டு அயன்களாக உதிரத் தொடங்கின. நானூறு பாகையும் இருநூறு வளிமண்டல அழுத்தமும் வேண்டும் என்று எண்ணியிருந்த இடத்தில், பாடசாலை ஆய்வுகூடத்துக்கு எட்டும் வெப்பநிலை! எனினும் பி.எஃப்.ஓ.எஸ். அந்த முறைக்கு மசியவில்லை. அதன் சல்போனேற்றுத் தலை அப்படிக் கழன்று கொடுப்பதில்லை.

இளைஞரின் கம்பி வித்தைக்கு இந்தத் துறையில் ஒரு மூத்த உறவு இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அனோட்டாக, அதாவது நேர்மின்வாயாக, இரும்புக்குப் பதில் போரன் கலந்த வைரப் படலத்தை வைத்து மின்னைச் செலுத்தினால், அது பிஃபாஸ் மூலக்கூறின் தலையிலிருந்து இலத்திரனைப் பறிக்கிறது; தலை விழுகிறது, ஒரு காபன் குறைந்த புதிய தலை முளைக்கிறது, அதுவும் விழுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு புளோரைட்டுகள் வெளிவருகின்றன. நீரில் குளோரைட்டு இருந்தால் அதுவும் ஒட்சியேறிப் பேர்குளோரேற்றாகிவிடலாம், அது தைரொயிட்டைத் தொல்லைப்படுத்தும் என்பது இம்முறையின் குறை. புறஊதா ஒளியும் சல்பைற்றும் கொண்டு நீரேறிய இலத்திரன்களை (நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த தனி இலத்திரன்களை) உண்டாக்கித் தாக்கும் முறையோ, நீரில் கரைந்த ஒட்சிசனிடமும் நைத்திரேற்றிடமும் அந்த இலத்திரன்களைப் பறிகொடுத்துத் தவிக்கிறது.

இந்த ஒவ்வொரு காபனாகக் குறையும் கதையை வகுப்பில் சொன்னபோது, கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். எட்டுக் காபன் கொண்ட பி.எஃப்.ஓ.ஏ.யில் 15 புளோரின்கள். நான்கு சுற்று முடிந்ததும் எஞ்சுவது நான்கு காபன் அமிலம். வெளிவந்தவை 8, உள்ளே இருப்பவை 7. அந்த நேரத்தில் நீரைச் சோதித்தால் பி.எஃப்.ஓ.ஏ. முற்றாக மறைந்துவிட்டது என்றே அறிக்கை வரும். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "மிஸ், அப்ப அது அழிஞ்சதா, பேர் மாறினதா?" என்று கேட்டாள். இத்துறையின் விளம்பரங்கள் எல்லாவற்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. குட்டைச் சங்கிலிகள் ஏவப்பட்ட காபனிலும் சரியாக ஒட்டுவதில்லை என்பதால், பாதியில் நிறுத்திய அழிப்பு சில வேளைகளில் வேலையை இன்னும் கடினமாக்கிவிடுகிறது. 'இத்தனை வீதம் நீக்கம்' என்ற எண்ணை விட, வெளிவந்த புளோரைட்டின் எண்ணையே நான் நம்புவேன்.

அமெரிக்கா 2024இல் குடிநீருக்கு விதித்த எல்லை, பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஒவ்வொன்றுக்கும் லீற்றருக்கு 4 நனோகிராம். 25 இலட்சம் லீற்றர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் தடாகம் ஒன்றில் அது 10 மில்லிகிராம், விரல் நுனியில் ஒட்டும் உப்பளவு. அதை உடைப்பதற்காகத் தடாகம் முழுவதையும் மின்வாயினூடாகச் செலுத்துவது மின்சாரத்தைக் கடலில் கொட்டுவதற்குச் சமம். ஆகவே முதலில் பிசினில் பிடித்து, அதைக் கழுவி எடுத்த செறிந்த சிறு கரைசலையே உடைக்க வேண்டும். அதைவிடச் சிறந்தது, பழைய தீயணைப்பு நுரை தேங்கிக் கிடக்கும் களஞ்சியத்திலும், துணிக்கு நீரொட்டாப் பூச்சு ஏற்றும் ஆலையின் கழிவுக் குழாயிலும், களனி கங்கையில் கலந்து, கொழும்புக்குக் குடிநீர் தரும் அம்பத்தளை சுத்திகரிப்பு நிலையம் வரை வருமுன்னே மறிப்பது. வடிகட்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது அவற்றிற்கெல்லாம் பிந்திய படி.

"அப்ப கம்பியால உண்மையாவே அழிக்கலாமோ அன்ரி?" என்று இளைஞர் தேநீரைக் குடித்தபடி கேட்டார். கம்பி வைரமாக இருந்தால் முயன்று பார்க்கலாம் என்றேன். சிரித்துவிட்டு, தன் இரும்புக் கம்பிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். துரு நீர்க் குவளையை நான் பல்கனியில் இருந்த கறிவேப்பிலைச் சாடியில் ஊற்றினேன்.