யாருடைய பிடியிலிருந்து விடுதலை?

ஸ்வீடன் மக்கள் நலத்திட்டங்களுக்காகத் தங்கள் சுதந்திரத்தை அடகு வைத்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள், அந்தத் திட்டங்கள் யாரை யாருடைய பிடியிலிருந்து விடுவித்தன என்பதைக் கவனிப்பதில்லை. 1971இல் கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனியே வருமான வரி விதிக்கத் தொடங்கிய பிறகுதான், மனைவியின் சம்பளத்தைக் கணவனின் சம்பளத்தோடு கூட்டி உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்கும் வழக்கம் ஒழிந்தது. உயர்கல்விக்கான உதவித்தொகையும் கடனும் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவதில்லை. ஆகவே மகளின் படிப்பைப் பற்றி அப்பாவுக்குக் கருத்து இருக்கலாம், கையில் கடிவாளம் இருக்காது.

குழந்தை பிறந்தால் பெற்றோர் இருவருக்குமாக 480 நாள் உதவித்தொகையுடன் விடுப்பு உண்டு. அதில் ஆளுக்கு 90 நாளை மற்றவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வேலை நாளின் காலைப்பொழுதில் ஸ்டாக்ஹோம் பூங்காக்களில் ஒரு கையால் தள்ளுவண்டியை ஆட்டியபடி, மறுகையில் ஆறிப்போன காபியுடன் நிற்கும் அப்பாக்களை உருவாக்கியதில் இந்த விதிக்குப் பெரும் பங்குண்டு. (சற்றே நிர்ப்பந்தம்தான், ஒப்புக்கொள்கிறேன்.)

ஆனால் இதே நலவாழ்வு அரசுதான் 1930களின் நடுவிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், குழந்தை பெற முடியாதபடி அறுவை செய்ய வழிவகுத்த கருத்தடைச் சட்டங்களை வைத்திருந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், அறுவைக்கு உள்ளானார்கள். காப்பகத்திலிருந்து வெளியேற அதுவே நிபந்தனை என்பதால் கையெழுத்திட்டவர்களும் அவர்களில் உண்டு. 1999இல்தான், கட்டாயத்துக்கு ஆளானவர்களுக்கு ஆளுக்கு 1,75,000 குரோனர் இழப்பீடு தர நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.