நான்கு சர்வர்களுக்கு ஒரே விலைப்பட்டியல்

மொத்த வணிக நிறுவனம் ஒன்றின் ஆர்டர் மென்பொருளை ஒரு சர்வரிலிருந்து நான்கு சர்வர்களுக்கு விரிவாக்கும் பணி எங்கள் குழுவிடம் வந்தபோது, அதுவரை ஜாவா நிரலின் எல்லாப் பகுதிகளும் பகிரும் நினைவக அட்டவணையான ஒரு ஸ்டாட்டிக் கன்கரன்ட்ஹாஷ்மேப்பில் நிம்மதியாக இருந்த விலைப்பட்டியல்தான் முதலில் இடித்தது. ஒவ்வொரு சர்வரிலும் ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்முக்கு, ஆப்ஜெக்ட்கள் இருக்கும் நினைவகமான ஹீப் தனி என்பதால், ஒரு சர்வரில் மாற்றிய விலை மற்ற மூன்றுக்கும் தெரியவில்லை. சோதனையில் பக்கத்தைப் புதுப்பிக்கப் புதுப்பிக்கப் பழைய விலையும் புதிய விலையும் மாறி மாறி வந்தன.

பட்டியலை, பல சர்வர்கள் பகிரும் நினைவகத் தரவுச் சேமிப்பான ஹேசல்காஸ்டின் ஐமேப் என்ற அட்டவணைக்கு மாற்றினோம். அது தரவை இயல்பாக 271 பார்ட்டிஷன்களாகப் பிரித்து எல்லாச் சர்வர்களிலும் பரப்பிவைக்கிறது. விலை ஒன்றாகிவிட்டது, ஆனால் புதிய தொல்லை ஒன்று முளைத்தது. ஐமேப்பிலிருந்து கிடைப்பது சீரியலைஸ் செய்து (பைட்டுகளாக மாற்றி) மீட்ட பிரதியே என்பதால், ஆப்ஜெக்டை எடுத்து அதன் விலையை மட்டும் மாற்றிவிட்டுப் போகும் பழைய நிரல் வரிகள் பிழை எதுவும் காட்டாமலே பயனற்றுப்போயின. மாற்றியதை 'புட்' கட்டளையால் திரும்ப மேப்பில் வைத்தாக வேண்டும். 2014இல் இறுதியான ஜாவா கேச்களுக்கான ஜேகேச் தரநிலையும் மதிப்பாகச் சேமிப்பதையே, அதாவது மூல ஆப்ஜெக்டுக்குப் பதில் அதன் பிரதியை வைப்பதையே, இயல்பாகக் கொண்டிருக்கிறது. பலர் தொடும் பொருளுக்கு அதுவே முறை என்பது என் கருத்து.

வேகம்தான் குறைந்தது. வேறு சர்வரில் இருக்கும் ஒவ்வொரு விலைக்கும் நெட்வொர்க் வழியே போய்வர வேண்டியிருந்ததால், நியர் கேச்சை இயக்கி, படித்த விலையின் பிரதியை அந்தந்தச் சர்வரிலேயே வைத்தோம். விலை மாறும்போது 'உன்னிடம் இருப்பது செல்லாது' என்ற செய்தி மட்டும் மற்றவற்றுக்குப் போகிறது. அந்தச் செய்தி சென்றுசேரும்வரை பழைய விலை தென்படலாம் என்பதால், ஆர்டரை உறுதிசெய்யும் இடத்தில் மட்டும் விலையைத் தரவுத்தளத்திலிருந்தே படிக்கிறோம். நியர் கேச்சில் ஆப்ஜெக்ட் வடிவத்தைத் தேர்ந்ததால் சர்வரில் ஒரே நேரத்தில் ஓடும் எல்லாத் திரெட்களுக்கும் ஒரே ரெஃபரன்ஸ், அதாவது பிரதி அல்லாத அதே ஆப்ஜெக்ட், கிடைக்கும்; ஒன்று மாற்றினால் மற்றவற்றுக்கும் மாறிவிடும். அதற்காகவே விலை வகுப்பில் மதிப்பை மாற்றும் செட்டர்களை நீக்கி, புலங்களைப் பிறகு மாற்ற முடியாதபடி ஃபைனல் ஆக்கினோம்.

இரவில் தரவுத்தளத்தை நேரடியாகத் திருத்தும் எஸ்கியூஎல் ஸ்கிரிப்ட் மட்டும் எஞ்சியது. அது ஓடியதை ஐமேப் அறிய வழியில்லை என்பதால், முடிவில் மேப்பைக் காலிசெய்யும் ஒரு படியைச் சேர்த்தோம். அங்கே கிளியர் என்று எழுதக் கூடாது. மேப்பைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் மேப்ஸ்டோர் இணைந்திருக்கும்போது அது தரவுத்தள வரிசைகளையும் சேர்த்தே அழிக்கச் சொல்லும். நினைவகத்தை மட்டும் காலிசெய்வது எவிக்ட்ஆல்.